ஜோதிலிங்கம் அணைத்த சுவிட்ச்

என் பேத்தியைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, என் சிநேகிதர் ஜோதிலிங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூனாகச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் அதிகாரிகள் போன பிறகு அறை அறையாகப் போய் லைட், ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டுவது அவர் பொறுப்பு. ஒரு தடவை ஹீட்டரை மறந்து மெமோ வாங்கிவிட்டார். அதிலிருந்து, எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். என் வீட்டுக்கு வந்தவர், நான் பாத்ரூமில் இருக்கும்போதே லைட்டை அணைத்திருக்கிறார்.

ரிட்டயர் ஆனதும் பையனிடம் கேட்டும் போனில் பார்த்தும் கம்ப்யூட்டர் ரிப்பேர் பழகினார். ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்து அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு அதில்தான் நடக்கும். புது டிஸ்க் வாங்கிப் போட்டால் அந்த மெஷினுக்கு அது தெரியவே இல்லை.

"கபாடிக்காரன்ட்ட பழைய சாமானுக்குப் போட்டுடலாம்" என்றார் செக்ரட்டரி ராஜகோபால் சார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். நான் சரி பண்ணித் தாரேன். என் பொறுப்பு" என்றார் ஜோதிலிங்கம்.

மெஷினை முதலில் எழுப்புகிற சின்ன புரோகிராம் ஒன்று போர்டுக்குள்ளே இருக்கிறதாம். அதைப் புதுசாக்கினால் டிஸ்க் தெரியுமாம். பென் டிரைவிலிருந்து கிளம்பாத பழைய மெஷின், அதனால் சி.டி.தான் ஆகும் என்றார். முதலில் கம்பெனிக்காரன் கொடுத்த ஃபைலை அப்படியே ஒரு சி.டி.யில் காப்பி பண்ணிக் கொண்டுவந்தார். மெஷின் சட்டையே பண்ணவில்லை. காப்பி பண்ணினால் போதாது, மெஷின் அதிலிருந்தே கிளம்புகிற மாதிரி எழுத வேண்டும் என்று பையன் சொல்லிக் கொடுத்தான். வேறு சி.டி. வாங்கி எழுதிக்கொண்டு மறுநாள் வந்தார்.

"அண்ணாச்சி, கெளம்பிட்டு!" திரையில் எழுத்து ஓடியது. "இப்ப கரண்டு மட்டும் நிக்கக் கூடாது. நின்னா போர்டு செத்துரும்."

சங்கத்து வேலைக்கு வரும் உதயா அறையைப் பெருக்கி முடித்து வாளியோடு வெளியே வந்துவிட்டாள். நானும் ராஜகோபால் சாரும் வராந்தாவில் இருந்தோம். நான்தான் கூப்பிட்டேன்.

"ஜோதி, வாரும்யா. தாத்தா ஆயிருக்கேன், வந்து லட்டு எடுத்துக்கிடும்."

சிரித்துக்கொண்டே வந்தார். லட்டைத் தின்று முடித்துத் திரும்பினால் அறை இருட்டு. திரையும் கறுப்பு.

"கரண்டு போயிட்டு சார்" என்றார். குரல் சரியாக இல்லை.

ராஜகோபால் சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். வராந்தா ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சுவிட்ச் போர்டைப் பார்த்தார். கம்ப்யூட்டர் சுவிட்சும் சேர்த்து எல்லாம் அணைத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் போட்டார். லைட் எரிந்தது, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே காற்றாடி ஓடியது, திரையில் ஒன்றும் வரவில்லை.

"உதயா! பெருக்கிட்டு நீதானே அணைச்சே?"

"நான் வரும்போது அது ஓடிக்கிட்டுதான் சார் இருந்துச்சு."

"பொய் வேற. நாளைலேர்ந்து வராதே, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

உதயா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "சார், இந்த ஒரு வேலைய நம்பித்தான் சார் வாடகை குடுக்கறேன்."

ஜோதிலிங்கம் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு படி இறங்குகிற வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. பிறகுதான் சத்தம் வந்தது.

"அவ இல்ல சார். நாந்தான் அமத்துனேன். வெளிய வரும்போது... கை தானா போயிட்டு."

ராஜகோபால் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சா! இன்னும் ட்யூட்டி முடியலையா உமக்கு?"

ஜோதிலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. உதயாவுக்கும் வரவில்லை. படியில் நின்றபடியே கேட்டாள்:

"நீங்கதான்னு தெரிஞ்சும் ஏன் சார் என்னை எறங்க விட்டீங்க?"

"தப்புதாம்மா" என்றார்.

ஜோதிலிங்கம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சங்கத்தில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது. உதயாவும் வேலைக்கு வருகிறாள். அவள் உள்ளே வந்தால் இவர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார்.

"ஒக்காருங்க சார்" என்கிறாள் அவள். "நடுவுல நின்னா நான் எப்படிப் பெருக்கறது?"