நீலமாகாத அணுக்கள்

என் தம்பி மகளுக்கு இரண்டு வயதுக்குள் நான்கு முறை கட்டி வந்தது. கழுத்தில், அக்குளில், பிறகு தொடையில் இரண்டு. கீறிச் சீழை எடுத்து, ஆறிவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வீங்கும். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது ஆரணியில் ஒரு சின்ன கிளினிக்கின் லேபில் எனக்கு வேலை. உடம்பு விஷயம் எதுவானாலும் குடும்பத்தில் மூத்தவளான என் பேச்சுதான் எடுபடும்.

குழந்தையின் ரத்தத்தை நானே எடுத்து வெள்ளை அணுக்களை எண்ணினேன். தேவைக்கு மேலேயே இருந்தன. கிருமி வந்தால் அவை பெருகும், விழுங்கும், அதோடு தீர்ந்தது என்றுதான் நான் படித்திருந்தேன். ஆகவே குறை ரத்தத்தில் இல்லை, வளர்ப்பில்தான் என்று முடிவு கட்டினேன்.

சேவூரில் தம்பி வீட்டுக்குப் போய், தறிக்குப் பாவு நூல் பிணைக்க வந்திருந்தவர்கள் எதிரிலேயே தம்பி மனைவியைக் கேட்டேன்.

"கொழந்தைய சுத்தமா வச்சிக்கத் தெரியாதா உனக்கு? தூசியிலயே பொரண்டுகினு இருந்தா கட்டி வராம என்னா செய்யும்?"

"தெனம் ரெண்டு வேள குளிப்பாட்றேன் அண்ணி. துணியெல்லாம் வேவ வச்சிதான் தொவைக்கிறேன்."

"அப்ப ஆகாசத்துலேர்ந்து வருதா?"

துணி வேகவைக்கப் போடும் சோடா உப்பில் அவள் விரல்கள் தோலுரிந்திருந்தன. பார்த்தேன். பார்த்தும், "அந்தப் பாப்பாகிட்ட போவாத, ஒட்டிக்கும்" என்று, கூட வந்திருந்த என் மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஐந்தாவது கட்டி ஈரலில் வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டரம்மா ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன். இரண்டு ரத்தத்திலும் ஒரு மஞ்சள் சாயத்தைக் கலந்து, சூடு காட்டி, கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். லேபில் இருப்பவள் என்பதால் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கவிட்டார்கள். என் அணுக்களுக்குள் கருநீலம் திட்டுத் திட்டாக இருந்தது. குழந்தையின் அணுக்களில் துளி நீலமும் இல்லை.

"விழுங்கறது பாதி வேலைதாம்மா," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் அந்த அணு ஆக்சிஜன வெஷமா மாத்தி கிருமியக் கொல்லணும். அப்படி மாத்தினாதான் இந்தச் சாயம் நீலமாவும். இந்தக் கொழந்தையோட அணு விழுங்குது, கொல்ல முடியல. கிருமி உள்ளயே உயிரோட இருக்கு. பொறப்புலயே உள்ள கோளாறு. யாரு மேலயும் தப்பில்ல."

"இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்," என்றாள் தம்பி மனைவி. டாக்டரம்மா திரும்பச் சொன்னார். கேட்டு முடிக்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

தினமும் மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகு கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. அவள் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம பேசிட்டேன்மா. மனசுல வச்சிக்காத."

"படிச்சவங்க சொல்றீங்களேன்னு நானும் நம்பிட்டேன் அண்ணி," என்றாள். "மண்ணுல கைய வச்சிச்சின்னு கொழந்தைய எத்தினி நாளு அடிச்சிருக்கேன் தெரியுமா?"

அந்தப் பெண் இப்போது கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறாள். என்னைப் பார்த்தால் "அத்த" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் அம்மா இதுவரை சொல்லவில்லை.