சும்மா, இங்கிட்டுத்தான்

சென்னைக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும், திருமயத்தில் எங்கள் தெருவே யோசனை சொல்லத் திரண்டுவிடும். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள். ஜன்னலோரம் போனில் பேசாதே. யார் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்காதே. கூட வா என்று கூப்பிட்டால் அந்தப் பக்கமே திரும்பாதே. சொன்னவர்களில் பாதிப் பேர் திருச்சியைத் தாண்டியதில்லை. எனக்கு இதெல்லாம் தேவையுமில்லை. நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கேஸ் சிலிண்டரின் சீலை மூன்று முறை தடவிப் பார்த்த பிறகுதான் ஆளை அனுப்புவேன்.

அந்தச் சந்தேகத்தில்தான் என் தங்கைக்கும் ஒரு யோசனை சொன்னேன். அரசு வேலைக்குத் தேர்வு எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்காக அவள் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எல்லா ஒரிஜினலையும் ஒரே பையில கொண்டு போகாத. டிகிரி மட்டும் பீரோவுல இருக்கட்டும், ஜெராக்ஸ் போதும்" என்றேன். என் பேச்சைத் தட்டாதவள், வைத்துவிட்டுப் போனாள்.

சரிபார்ப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஒரிஜினல் இல்லாட்டி உள்ளயே விட மாட்டாங்களாம். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள கொண்டாந்துருக்கா" என்று அழுதாள். சென்னையில் ஏற வேண்டிய டவுன் பஸ் நம்பரையும் இறங்க வேண்டிய இடத்தையும் சொன்னாள். சான்றிதழைப் புடவைக்குள் வைத்து மடித்து, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

காலை எட்டரை மணிக்குச் சென்னைக்கு வெளியே, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அவள் சொன்ன நம்பர் பஸ் நிற்கும் இடத்தைப் பலகை பார்த்தே கண்டுபிடித்தேன், யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மா, கையில் சாப்பாட்டுக் கூடையோடு, "எங்கம்மா போணும்?" என்றார்.

எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவரிடம் 'எங்கே போறீங்க' என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். 'தூரமா?' என்றுதான் கேட்பார்கள். அதற்கும் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எனக்கும் பழக்கத்தில் அதே பதில் வந்துவிட்டது.

"சும்மா, இங்கிட்டுத்தான்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "இங்கிட்டுன்னா எங்க? நீ புதுக்கோட்டைப் பக்கமா? என் மருமக அந்த ஊருதான்."

எனக்குப் பகீரென்றது. ஏமாற்றுக்காரர்கள் எல்லோருக்கும் நம் ஊரில் ஒரு மருமகள் இருப்பாள். "இல்லீங்க, நான் திருச்சி" என்றேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன. இந்த வண்டி இப்போ நேரா போவாது, மெட்ரோ வேலை நடக்குது, சுத்திக்கினு போவும். அவசரம்னா அதோ நிக்குது பாரு, அதுல ஏறு. நானும் அதுலதான் போறேன், கூட வா."

கூட வா. தெருவே சொல்லியனுப்பிய அதே வார்த்தை. பையை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அந்த வண்டியில் ஏறிப் போய்விட்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

என் பஸ் சுற்றியது. பெயரே கேள்விப்படாத தெருக்களில் எல்லாம் நுழைந்து, ஒவ்வொரு முக்கிலும் நின்றது. கண்டக்டர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவரிடமும் கேட்கவில்லை. அலுவலக வாசலுக்கு நான் ஓடிப் போனபோது மணி பதினொன்றே முக்கால். தங்கை வெளியே நின்றிருந்தாள். உள்ளே போய்க் கெஞ்சிப் பார்த்தோம். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வழியில யாரையாச்சும் கேட்டிருக்கலாம்லக்கா?"

"கேட்டேன். ஒருத்தரும் சரியாச் சொல்லல."

அந்தப் பொய்யையும் நான் காப்பாற்றவில்லை. ஒரு வருடம் கழித்து, உறவில் ஒரு வளைகாப்பில், பட்டணம் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் பேச்சு வந்தது. நானும் சேர்ந்துகொண்டு, அந்த அம்மாவிடம் 'இங்கிட்டுத்தான்' என்று சொன்ன கதையை அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். பந்தியே குலுங்கிச் சிரித்தது. எதிர் வரிசையில் தங்கை இலையை மூடிவிட்டு எழுந்து போவதைக் கடைசியில்தான் பார்த்தேன். நாக்கைக் கடித்து என்ன பயன்?

அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

போன மாதம் விடிந்ததும் விடியாததுமாய்ப் புறப்பட்டு நின்றாள். தோளில் பை. பீரோவில் அவள் சான்றிதழ்கள் வைக்கும் தட்டு காலியாக இருந்தது, ஒரு ஜெராக்ஸ் கூட இல்லை.

"தூரமா?" என்று கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சும்மா, இங்கிட்டுத்தான்."