கொடியில் காய்ந்த கையுறைகள்

எய்ட்ஸ் என்ற சொல் எங்கள் பக்கம் வந்து சேரும்வரை நான் வெறுங்கையால்தான் பல் பிடுங்கினேன். பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை நாற்காலி, வாசலில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் என் கிளினிக். அந்தக் கிராம்புத் தைல வாசத்துக்கு இன்றும் மனம் ஏங்குகிறது. கையுறையெல்லாம் ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு என்று எங்களைப் போன்ற பல் டாக்டர்கள் பேசிக்கொள்வோம். ரத்தத்தில் பரவும் நோய் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். எங்கள் கை நாள் முழுக்க ரத்தத்தில்தானே கிடந்தது?

ஒரு பெட்டி கையுறை வாங்கினேன். சோப்புப் போட்டு அலசி, பவுடர் தூவி, பின்பக்கக் கொடியில் காயவைத்து, திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டேன். பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு வேறு.

அப்போதுதான் திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய ஒருவர் தாடை வீங்கி வந்தார். கிளினிக் திறந்த நாளிலிருந்து வருகிறவர். கையுறையைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா டாக்டர், இத்தினி வருசமா வெறுங்கையத்தான வுட்ட? இன்னிக்கு என் வாய் அசிங்கமாப் பூட்ச்சா?"

நோயைப் பற்றி விளக்கினேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. அந்த நோய் தனக்கு இருக்கிறதென்று சொல்கிறேனா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

மறுநாள் அவர் மனைவி அவரை இழுத்துக்கொண்டு வந்தார். வீக்கம் கழுத்துப் பக்கம் பரவியிருந்தது, வாய் பாதிதான் திறந்தது. அப்போதும் அவர் பார்வை என் கைமேலேயே இருந்தது. கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கழற்றினேன். ஆனால் வெறுங்கையை நீட்ட மனம் வரவில்லை. பெட்டியிலிருந்து புது ஜோடியை அவர் கண்ணெதிரே எடுத்து மாட்டினேன்.

"இது உங்களுக்குன்னே எடுத்தது. வேற யார் வாயிலயும் படாது" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். புது வேட்டி வாங்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒரு மிடுக்கு முகத்தில் வந்தது. வாயைத் திறந்தார். சீழை வடித்து முடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பஞ்சைக் கடித்தபடியே வெளியே போய், டாக்டர் தனக்குப் புதுசு எடுத்த கதையை பெஞ்சில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்து ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த அம்மா உட்கார்ந்தார். கொடியில் காய்ந்ததை எடுத்து மாட்டப் போனேன். அவர் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, கண்ணாலேயே அந்தப் பெட்டியைக் காட்டினார்.