ஃபர்ஸ்ட் குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அந்த ஜூன் மாதம் என் அப்பா இரண்டே இரண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். ஃபர்ஸ்ட் குரூப். கழனிக்குத் தண்ணீர் கட்டும்போதும் மாட்டைக் கழுவும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பார். அம்மா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "இன்னாய்யா, புதுசா மந்திரம் ஓதிக்கினு கீற?" என்று கேலி செய்தாள். அப்பா சிரிக்கவில்லை. மறந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

அது 1991. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் போலீஸ் ஜீப். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் முகம் மாறியது. பிள்ளைப்பாக்கத்தில் பெரியவர்கள் அதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. எனக்கு அதில் மனம் போகவில்லை என்பதுதான் உண்மை. கணக்கில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல். அந்தச் செருக்கில் தரையில் கால் பாவாமல் அலைந்துகொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. படி என்றும் சொன்னதில்லை, படிக்காதே என்றும் சொன்னதில்லை. கழனியில் வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். அறிவியல் பரீட்சைக்கு முதல் நாள் அம்மா என்னை நாற்றுப் பிடுங்கக் கூப்பிட்டாள். நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. பரீட்சை என்பது கோயில் திருவிழா மாதிரி, போய்விட்டு வந்தால் முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

ஃபர்ஸ்ட் குரூப் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே ரோட்டிலிருந்துதான். அந்த வருஷம் பெங்களூர் ரோட்டை அளப்பதற்கு ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்று கால் வைத்த கருவி ஒன்றில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, தூரத்தில் நின்ற தென்னை மரத்தின் உயரத்தைச் சொன்னார் ஒருவர். நான் புத்தகத்தில் போட்ட அதே முக்கோணக் கணக்கு. ரோட்டோரம் நின்று வாய் பிளந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த கணக்குக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவரிடம் கேட்டேன். "இன்ஜினியரிங் படிக்கணும்மா. அதுக்குப் பிளஸ் ஒன்ல ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கணும். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. வேற எதை எடுத்தாலும் கதவு மூடிக்கும்" என்றார். எங்கள் குடும்பத்தில் படிப்பைப் பற்றி வெளி ஆள் ஒருவர் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பெண். அவளுடைய அப்பா பேங்கில் வேலை, அம்மா பி.ஏ. ஃபர்ஸ்ட் குரூப் பற்றி நான் பெரிய ரகசியம்போல் அவளிடம் சொன்னபோது, "இது இப்பத்தான் தெரியுமா உனக்கு? எங்கப்பா நான் எட்டாவது படிக்கும்போதே சொல்லிட்டார்" என்றாள். என்ட்ரன்ஸ் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மெட்ராசில் டியூஷன் இருக்கிறது, எந்தக் காலேஜ் நல்லது என்றெல்லாம் அடுக்கினாள். அவள் வீட்டில் சோறு போடும்போதே இதையெல்லாம் சேர்த்துப் பரிமாறிவிடுவார்கள் போலிருக்கிறது. கணக்கில் அவளுக்கு என்னைவிடக் குறைவான மார்க். வீட்டுக் கணக்கை என்னைப் பார்த்துத்தான் எழுதுவாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அட்மிஷன் அன்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அழைத்துப்போனார். வழியெல்லாம் மந்திரம்தான். பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில் எங்களுக்கு முன்னால் பேங்க்காரரும் மகளும். அவர் செருப்போடு உள்ளே போனார். "குட் மார்னிங் சார். ஃபர்ஸ்ட் குரூப் வேணும்" என்ற குரல் வெளியே கேட்டது. போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார்கள்.

அப்பா செருப்பை வாசலில் கழற்றினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தலைமையாசிரியர் நல்லவர்தான். மார்க்கைப் பார்த்துவிட்டு, "அட, கணக்குல நீதானா அது?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன குரூப் போடட்டும்?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இன்னா சார் தெரியும், நான் கைநாட்டு. நீங்க படிச்சவங்க. நீங்களா பாத்து இன்னா போட்டாலும் சரி சார்."

"அப்பா..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் முழங்கையை அழுத்தினார். "சும்மா இரு பாப்பா, சார் பேசறாரு இல்ல."

தலைமையாசிரியர் கொஞ்சம் யோசித்தார். "வீட்டுல சொல்லிக்குடுக்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றார் அப்பா, உடனே, பணிவாக. "அப்போ பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் கஷ்டம். புள்ள திணறிடும். ஒகேஷனல் போட்டுடறேன். டைப்ரைட்டிங், அக்கவுண்டன்சி. முடிச்சதும் எங்கியாவது வேலை கிடைக்கும்" என்று எழுதிவிட்டார். அக்கறையோடுதான் எழுதினார். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் மார்க்கைப் பார்த்தவர், அதை ஓரமாக வைத்துவிட்டு என் அப்பாவின் கைநாட்டைப் பார்த்து எனக்குக் குரூப் போட்டார்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது அப்பா சாவகாசமாகக் கேட்டார். "இன்னா எழுதினாரு? ஃபர்ஸ்ட் குரூப்புதானே?"

"ஏம்பா சொல்லல? வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தியே, அங்க ஏன் சொல்லல?" பள்ளிக்கூடம் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "அவரு ஒரு தபாதானே கேட்டாரு?" என்றார். "இன்னொரு தபா கேப்பாரு, அப்ப சொல்லலாம்னு இருந்தேன்."

எங்களுடைய ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வீட்டுக்குப் போகிறோம், "சாப்பிடுறியா?" என்று கேட்கிறார்கள். பசியில் உயிர் போனாலும், "இப்பத்தான் சாப்ட்டேங்க, நீங்க சாப்டுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள், "அட, சும்மா ஒரு வாய் சாப்பிடு" என்று இரண்டாவது முறை கேட்பார்கள். அப்போதுதான் உட்கார வேண்டும். முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டால் அவன் முறை தெரியாத ஆள், சோற்றுக்கு அலைகிறவன். நிச்சயதார்த்தத்தில் என்ன வேண்டும் என்று கேட்டாலும் அப்படித்தான். "உங்க இஷ்டம்" என்று ஆரம்பித்து, அப்புறம்தான் மெல்ல விஷயத்துக்கு வருவோம். அப்பா வாழ்ந்த உலகத்தில் கேள்வி என்பது இரண்டு முறை வருவது. முதல் முறை மரியாதைக்கு, இரண்டாவது முறை பதிலுக்கு. தலைமையாசிரியரிடம் அவர் தன்னால் முடிந்த அளவுக்கு உயர்ந்த மரியாதையைக் காட்டினார். அவரோ அதைப் பார்த்து அப்பாவை ஒன்றும் தெரியாத ஆள் என்று எடுத்துக்கொண்டார். படித்த வீடுகளில் ஒருமுறைதான் கேட்பார்கள் என்பதை அப்பாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அம்மா விடவில்லை. "போய்க் காலுல வுழுந்தாவது மாத்திக்கினு வா. பொண்ணு சோறு துன்னாம கெடக்குது" என்று அப்பாவைத் துரத்தினாள். மறு வாரம் மறுபடியும் போனோம். இந்த முறை அப்பா கையைக் கட்டவில்லை. உள்ளே நுழையும்போதே, "ஃபர்ஸ்ட் குரூப்பு சார்" என்றார். குரல் உடைந்து, ஏதோ திட்டுவதுபோல் வெளியே வந்தது.

தலைமையாசிரியர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "சீட் எல்லாம் ரொம்பிப்போச்சே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேனே. இந்த மார்க்குக்கு யார் வேணாம்னு சொல்லப்போறாங்க?"

அப்பா அதற்கும், "சரிங்க சார்" என்றார்.

இதை யாரிடம் சொன்னாலும் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமே என்கிறார்கள். எனக்கு அவர்களை அறையலாம்போல் இருக்கும். கேட்கத் தெரிவதையும் பெற்றவர்கள்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அது வீட்டிலேயே கிடக்கிறது, அதனால் அது கண்ணில் படுவதில்லை. நான் டைப்ரைட்டிங் படித்தேன். பின்னால் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது, ஒரு கேட் ஆபீசில் உட்கார்ந்து உள்ளே போகிற இன்ஜினியர்களின் பெயரை டைப் அடித்தேன். தப்பில்லாமல் அடிப்பேன். சூப்பர்வைசர் மெச்சிக்கொள்வார்.

அந்த இரண்டாவது முறை போய்விட்டுத் திரும்பும்போது பாதி வழிவரை அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. எதிர்க்காற்றில் எழும்பி எழும்பி மிதித்துக்கொண்டிருந்தார். கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. சட்டை முழுக்க வியர்வை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதே செத்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒகேஷனல் எடுத்தால் இனிமேல் எந்த இன்ஜினியரிங் காலேஜும் என்னை எட்டிப் பார்க்காது என்று பேங்க்காரர் மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

அப்பா திடீரென்று சைக்கிளை மெதுவாக்கினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பன்னண்டாவது முடிச்சா மறுபடியும் கேப்பாங்க இல்ல பாப்பா? இன்னா வேணும்னு?" கொஞ்சம் பொறுத்து, "அப்ப மொதல் தபாவே சொல்லிடறேன். கூச்சப்பட மாட்டேன்" என்றார்.

"கேப்பாங்கப்பா" என்றேன்.