அர்லிஸ் ஒட்டிய பட்டியல்

அர்லிஸ் டாலஃப்சன் முதன்முதலாக இயக்கியது லூதரன் சர்ச்சின் கிறிஸ்துமஸ் நாடகத்தை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. யோசேப்பாக நிற்க வேண்டியவன் பாதிரியாரின் மகன். மரியாளின் கணவனாகத் தெரியவில்லை, கடைக்குச் சாமான் வாங்க வந்தவன் மாதிரி இருக்கிறான் என்று சொல்லி அவனை ஆடு மேய்ப்பவனாக்கினாள். மீன் விற்பவரின் மகன் யோசேப்பானான். பாதிரியாரின் மனைவி இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. அர்லிஸுக்கு அது உறைக்கவே இல்லை. யாருக்கு எந்த வேடம் என்பதில் வேறு யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவளுடைய பிறவிக் குணம்.

அப்பா டுலூத் ஏரித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு இரும்புத்தாது ஏற்றுபவர். மகள் நியூயார்க் போய் ஒரு பெரிய நாடக இயக்குநருக்கு மூன்று வருடம் காபி வாங்கிக் கொடுத்தாள். எப்படியெல்லாம் கத்தக் கூடாது என்பதை மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாள். ஊரில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்கள் கைவிட்ட பழைய மன்றக் கட்டிடம் ஒன்று, நாடகம் போட மலிவாகக் கிடைத்தது. பகலில் பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று திட்டம் போடும் வேலை, மாலையில் ஒத்திகை. கல்யாணத்துக்கு நேரமில்லை என்பாள். கேட்டவர்களும் ரொம்ப வற்புறுத்தவில்லை. அவளைப் பெரிய மேதை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் ஒருவரை ஒரு வேடத்துக்கு எடுத்தால் அது பொருந்தும். அந்த ஒரு விஷயத்தில் ஊரே அவளை நம்பியது.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நடிகர் தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை நண்பகல், தேர்வானவர்களின் பெயர்ப் பட்டியலை மன்றத்தின் கதவில் ஒட்டுவாள். ஒட்டிய கையோடு காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக வடக்கே போய்விடுவாள். ஞாயிறு வரை ஆள் கிடைக்கமாட்டாள். ஏன் எனக்கு இல்லை என்று யார் கேட்டாலும் காரணம் சொன்னதில்லை. ஒட்டிய பட்டியலில் ஒரு பெயரைக்கூட மாற்றியதும் இல்லை.

தேர்வுக்கு வருகிறவர்கள் ஒரு புகைப்படமும் அதன் முதுகில் பின் அடித்த விவரத் தாளும் கொடுக்க வேண்டும். அர்லிஸ் அந்தப் பின்களையெல்லாம் பிடுங்கிவிடுவாள். படங்களை மட்டும் சுவரில் குத்தி, எந்த முகத்துக்குப் பக்கத்தில் எந்த முகம் இருந்தால் ஒரு குடும்பமாகத் தெரியும் என்று தூரத்தில் நின்று பார்ப்பாள். முடிவு செய்த பிறகு படங்களையும் தாள்களையும் மறுபடி ஜோடி சேர்த்து, தாளைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்வாள். அவளோடு வேலை செய்த மேடை மேலாளர் ரூடி பெர்க்கோ, "ஒரு நாள் இல்லைன்னா ஒரு நாள் நீ யார் தலையையாவது யார் உடம்புலயாவது ஒட்டத்தான் போறே" என்று கிண்டல் செய்வான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எண்பத்து நாலாம் வருட இலையுதிர் காலத்தில் ஒரு நாடகம் எடுத்தாள். காசநோய் விடுதியில் ஆறு வருடம் கிடந்து வீடு திரும்பும் ஒரு தாய், அவளை அடையாளம் தெரியாத பிள்ளைகள். தாய் வேடத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த லவான் ஸ்கார் பனிக்காலணியோடு வந்து நின்றாள். தாழ்ந்த குரல். படிப்பது போலவே இல்லை, பக்கத்து அறையில் யாரிடமோ பேசுவது போல இருந்தது. எல்லாரையும் இரண்டு நிமிடத்தில் நிறுத்தும் அர்லிஸ் அவளைக் கடைசி வரி வரை படிக்கவிட்டாள். நன்றி சொல்லக்கூட மறந்துபோனாள். அடுத்து வந்தவள் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் பெவர்லி குன்ஸ். சாப்பாட்டு வரிசைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற தொண்டையில் வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். இருவருக்கும் முப்பத்தைந்து வயது இருக்கும். இருவரும் ஒரே கடையில், ஒரே நீலத் திரைக்கு முன்னால் படம் எடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பட்டியலை ஒட்டிவிட்டு அர்லிஸ் வடக்கே போனாள். திங்கட்கிழமை மாலை முதல் ஒத்திகைக்கு எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாயின் நாற்காலியில் உட்கார வந்தவள் பெவர்லி. கையில் தானே சுட்ட கேக். ரூடி அர்லிஸை அலுவலக அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"என்ன அர்லிஸ் இது? நீ லவானைத்தானே எடுத்தே?"

அவள் மேசையிலிருந்த படக் கட்டைப் பிரித்தாள். லவானின் படத்துக்குப் பின்னால் பெவர்லியின் தாள். பின் நன்றாக இறுக்கி அடிக்கப்பட்டிருந்தது.

"போச்சு போ," என்றான் ரூடி. "இப்பவே சொல்லிடு. தப்பு நடந்துபோச்சுன்னா தலையையா வாங்கிடப் போறாங்க?"

"அவ கேக் சுட்டுக்கிட்டு வந்திருக்கா, ரூடி."

"நான்கூட ரெண்டு துண்டு தின்னேன், நல்லாத்தான் இருக்கு. அதுக்காக நாடகத்தைக் கெடுத்துக்குவியா?"

"பட்டியலை ஒட்டியாச்சு. ஒட்டினா ஒட்டினதுதான்."

"சரி, உன் சட்டம் உன்னோட. அந்த லவானுக்காவது ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்றேன்," என்றாள் அர்லிஸ். அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

அந்த வாரம் ஒத்திகை நெருக்கியது. அடுத்த மாதம் நாடகம் மேடையேறியது. பெவர்லி மாடாக உழைத்தாள். 'இதமான மாலைப்பொழுது' என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. கெட்டுப்போகவும் இல்லை, நினைவில் நிற்கவும் இல்லை. பெவர்லி அதற்குப் பிறகும் பல நாடகங்களில் நடித்து ஊருக்குச் செல்லப்பிள்ளையானாள். நாடகம் முடிந்தபின் லவானிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அடுத்த தேர்வுக்கு வரும்போது நல்ல வேடமாகக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று அர்லிஸ் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஊரில் யாரும் சங்கடமான விஷயத்தை முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள், பனியைப் பற்றிப் பேசுவார்கள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

லவான் வரவில்லை. ஒவ்வொரு தேர்விலும் தாள் கட்டுக்குள் அர்லிஸ் முதலில் தேடியது அந்தப் பெயரைத்தான். அவள் ஒரு முறை வந்து நின்றால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். நாலு வருடத்துக்குப் பிறகு ரூடியும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டான். அர்லிஸுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இன்னும் தள்ளிப்போட்டாள்.

அறுபத்தெட்டாவது வயதில் அவள் மன்றத்தை இளையவர்களிடம் ஒப்படைத்தாள். பெரிய விருந்து வைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் கண்ணில் புரை என்று மருத்துவமனைக்குப் போனாள். பரிசோதனைக்கு முன்னால் சொட்டு மருந்து விட ஒரு பெண் வந்தாள். வலது கண்ணில் சொட்டு விழுந்ததும் எல்லாம் கலங்கியது. "கொஞ்சம் எரியும், பொறுத்துக்கங்க" என்றது ஒரு தாழ்ந்த குரல்.

அர்லிஸுக்கு அந்தக் குரலை யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"நீங்க லவான் ஸ்கார்தானே?"

"அடடே! என் பேரு ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு தடவைதானே வந்தேன், அப்ப ஃபோன் கம்பெனியில இருந்தேன்."

"அப்புறம் ஏன் வரலை?"

லவான் சிரித்தாள். "அன்னைக்கு ரொம்ப நல்லாப் படிச்சுட்டதா நினைச்சேன். வண்டியில ஏறினதுமே என் வீட்டுக்காரர்கிட்ட, வேஷம் எனக்குத்தான்னு சொல்லிட்டேன். பட்டியலைப் பார்த்தா பேரே இல்லை. நீங்க எடுத்தா சரியாத்தான் இருக்கும்னு ஊருக்கே தெரியும். அப்ப எனக்குத்தான் ஒண்ணும் புரியலைன்னு ஆச்சு. பின்னால செயின்ட் பால் நகரத்து ரேடியோவுல கதை வாசிக்கக் கூப்பிட்டாங்க. போகலை. எனக்கு நல்லா வருதுன்னு தோணினா அது தப்பாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அர்லிஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பதிமூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதை ஒரே மூச்சில் சொன்னாள். சுவரில் குத்திய படங்கள், மாறிப்போன தாள், கேக், எதையும் விடவில்லை. "எடுத்தது உங்களைத்தாம்மா. அன்னைக்கு வந்த பதினெட்டுப் பேர்ல உங்களை மட்டும்தான்" என்றாள்.

எதிரே நின்றவளின் முகம் தெரியவில்லை, வெள்ளைச் சட்டை மட்டும் அசையாமல் நின்றது.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"முதல் ஒத்திகை அன்னைக்கே. திங்கக்கிழமை."

"வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினீங்க. திங்கக்கிழமை தெரிஞ்சுபோச்சு."

"ஆமா. எப்படியாவது உங்ககிட்டச் சொல்லணும்னுதான்..."

"அந்தத் தாள்லயே என் ஃபோன் நம்பர் இருந்துச்சே," என்றாள் லவான்.

அர்லிஸின் வலது கண்ணிலிருந்து மருந்து கன்னத்தில் வழிந்தது. லவான் ஒரு பஞ்சை எடுத்து அதைத் துடைத்தாள்.

"இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு," என்றாள். "அண்ணாந்து பாருங்க."