கட்டைவிரல் சொன்ன எச்சரிக்கை

இங்கே திறந்திருக்கும் கதவைத் தட்டுகிறார்கள். என் அறைக் கதவு காலை எட்டு மணிக்குத் திறந்தால் சாயங்காலம் வரை மூடுவதில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வராந்தாவிலிருந்தே தெரியும். அப்படியும் வாசலில் நின்று தட்டி, "உள்ளே வாருங்கள்" என்று நான் சொல்லும்வரை நிற்பார்கள். கண்ணால் பார்த்தது போதாது, வாயால் சொல்ல வேண்டும். வடக்கு இங்கிலாந்தின் இந்த ஆலை ஊருக்கு நான் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிவதற்குள் ஒருவருடைய வேலை போகப் பார்த்தது.

காஞ்சிபுரத்தில் நான் ஒரு நெசவாளர் சங்கத்தில் புடவை சோதிப்பவனாக இருந்தேன். பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர்கள் தறியில் அறுத்துக் கொண்டுவரும் புடவையை மேசையில் விரித்து, கரை, உடல், முந்தி எல்லாம் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். குறை இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். இழை விட்டுப்போன இடத்தில் கட்டைவிரலை வைப்பேன். நெய்தவர் பார்ப்பார். அவ்வளவுதான், அடுத்த மடிப்புக்குப் போய்விடுவேன். பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும் இடத்தில் ஒருவருடைய குறையைச் சத்தமாகச் சொன்னால், அவர் சைக்கிளில் வீடு போய்ச் சேருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். மாசிலாமணி என்ற நெசவாளர் எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்வார். "சாருக்குக் கட்டவெரலுதாம்பா பேசும். வாயி, காபி குடிக்க மட்டும் வெச்சிக்கினு இருக்காரு." ஆனால் நான் விரல் வைத்த குறை அவருடைய அடுத்த புடவையில் இருந்ததே இல்லை.

இங்கேயும் முதலில் துணி சோதிக்கத்தான் என்னை எடுத்தார்கள். ஒருநாள் ஒரு துணியைப் பார்த்துவிட்டு, "இந்தத் தறிக்காரர் இந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை" என்றேன். மேனேஜர் டாசன் விசாரித்தார். உண்மைதான். "துணியைப் பார்த்தே ஆளைச் சொல்கிறாய், இனி ஆட்களையே பார்த்துக்கொள்" என்று என்னைப் பெர்சனெல் ஆபீசர் ஆக்கிவிட்டார். எல்லாரும் கைகுலுக்கினார்கள். துணியை விரித்தால் அது பாட்டுக்குக் கிடக்கும், மனுஷன் கிடப்பானா? அதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆட்களை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அச்சடித்த பாரத்தை நிரப்பு என்றார்கள். ஓர் அலமாரி நிறைய பாரம் இருந்தது.

ஹாரல்ட் என்று ஒரு தறிக்காரர். எனக்கு மூத்தவர், இந்த ஆலையிலேயே தலை நரைத்தவர். திடீரென்று அடிக்கடி தாமதமாக வர ஆரம்பித்தார். இரண்டு முறை எச்சரிக்க வேண்டும், மூன்றாவது முறை வேலை நீக்கம், அதுதான் சட்டம். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவருடைய வருகை அட்டையை எடுத்து வைத்தேன். தாமதமாக வந்தால் வாசல் கடிகாரம் அட்டையில் மணியைச் சிவப்பில் அச்சடிக்கும். அந்தச் சிவப்பின்மேல் கட்டைவிரலை வைத்தேன். பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். 'எச்சரித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமும் அதையேதான் செய்தேன். மூன்றாவது முறை டாசன் அந்தக் காகிதங்களைப் பார்த்து வேலை நீக்கக் கடிதம் அடிக்கச் சொன்னார்.

ஹாரல்ட் யூனியன்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "என்னை யாரும் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இரண்டு முறை சொன்னேன்!" என்று கத்தினேன்.

"என்ன சொன்னீர்கள்?" என்றார் யூனியன்காரர்.

அந்த இரண்டு நாளையும் நினைத்துப் பார்த்தேன். "உட்காருங்கள்" என்றும் "போகலாம்" என்றும்தான் சொல்லியிருந்தேன். ஹாரல்ட் சொன்னார், "அட்டையில் விரலை வைத்தார். மை அழிகிறதா என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன்."

யாரோ சிரித்தார்கள். டாசன் சிரிக்கவில்லை. "எச்சரித்தாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்" என்றார். ஆமாம் என்றால் ஹாரல்டின் வேலை போகும். இல்லை என்றால் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டது பொய்யாகும். அது பொய் இல்லையே. உண்மையா என்று கேட்டால், அதுவும் இல்லை. "இல்லை" என்றேன்.

ஹாரல்டின் வேலை தப்பியது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. வெளியே வந்ததும், "என் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஷிப்ட் மாற்றிக் கேட்டிருப்பேனே" என்றார். டாசன் என்னை அந்த நாற்காலியிலேயே விட்டுவைத்தார். ஆனால் இனி எதையும் வாயால் சொல்ல வேண்டும், சாட்சி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்றார். பழக ஒரு வருஷம் ஆனது. பழகிவிட்டேன்.

போன லீவில் காஞ்சிபுரம் வந்தபோது பழைய சங்கத்துக்குப் போனேன். இப்போது அங்கே சோதிப்பவர், "நீங்களே பாருங்க சார்" என்று மரியாதைக்கு எழுந்து இடம் கொடுத்தார். முதலில் வந்தவர் மாசிலாமணி. சிரித்துக்கொண்டே புடவையை விரித்தார். முந்தியைத் தாண்டியதும் என் கண்ணில் பட்டது.

"மாசிலாமணி, இங்க ரெண்டு இழை விட்டுப்போயிருக்குது" என்றேன். அறை முழுக்கக் கேட்டது. பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். "மாமா, கண்ணாடிய மாத்துபா" என்றான் ஒருவன்.

மாசிலாமணி அந்த மடிப்பைத் தானே மூடினார். என்னைப் பார்க்காமல், மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் சார், கட்டவெரல்ல இன்னா காயமா?"

ஊரில் இதைப் படிப்பவர்கள் மாசிலாமணியிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தேன். என்ன சொல்லச் சொல்வது? இங்கே ஆலையில் இப்போது யார் தட்டிவிட்டு உள்ளே வந்தாலும் வாயால் குறையைச் சொல்கிறேன், கூடவே அட்டையில் கட்டைவிரலையும் வைத்துவிடுகிறேன். எதிரே இருப்பவர் என் வாயைப் பார்ப்பதா விரலைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழிக்கிறார். எனக்கும் தெரியவில்லை.