வெள்ளிக் கைக்கு ஐந்து விரல்

‘எல்லாம் கர்மா’ என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. ஒன்பது வயதிலேயே அந்தச் சொல்லைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் அப்பா ஃபிட்டர். அங்கே ஒரு நட்டைக்கூட அவரைத் தவிர யாரும் தொட முடியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவருடைய தங்கை, என் அத்தை, அதே கம்பெனியில் துணி சுற்றும் மிஷினில் வேலை பார்த்தாள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த சமயத்தில், அந்த மிஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போன பிறவியில் யார் சோற்றையோ தட்டிப் பறித்திருப்பாள் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா, எல்லாம் கர்மா என்பதைத் தன் பாஷையில் ‘அந்தா கர்ம’ என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள். வீட்டில் ஒருவர் செய்த பாவம் இன்னொருவர் தலையில்கூட விடியும் என்றாள் வேறொருத்தி. விபத்துக்கு முந்தின நாள்தான் ஒரு தும்பியைப் பிடித்து, வாலில் நூல் கட்டி விளையாடி, இறக்கையை ஒடித்திருந்தேன். அப்பாவும் எல்லோரிடமும் “அவ கர்மா, என்ன செய்ய” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்கு வெள்ளித் தகட்டில் கை வாங்கிப் போடுவதாக அப்பா நேர்ந்துகொண்டார். மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். அத்தை மடியில் இருந்த தகட்டுக் கைக்கு ஐந்து விரலும் இருந்தன. பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. தும்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு அழுதேன்.

“என்னாலதான் அத்தை ஒங்க கல்யாணம் நின்னுபோச்சு.”

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை, அலுப்புதான் இருந்தது.

“தும்பியுமில்ல, போன பிறவியுமில்லட்டி. துணி சிக்குதுன்னு மிஷின் மூடியக் கழட்டிப் போட்டா, கை உள்ள போகாம என்ன செய்யும்? ஒம்மேல ஒரு தப்பும் இல்ல, அழாத.”

மூடியைக் கழற்றியது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. முன் சீட்டில் அப்பாவின் தோள்கள் குலுங்கின. அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. தும்பியை நான் அப்படிச் செய்துவிட்டேனே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

“இனிமே செய்ய மாட்டேம்பா” என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.